காலமை எங்கை சாப்பிட்டனீங்கள்?



பயணமும் உணவும் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். எல்லா உணவையும் பற்றிப் பேசப் போனால் விடிந்துவிடும். ஆகவே ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கொள்கிறேன்: இடியப்பம். யாழ்ப்பாணத்தின் இந்தத் தீவகத்துக்குப் புதிதாக வருகிற ஒருவர், ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ நல்ல இடியப்பம் எங்கே கிடைக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் என் கேள்வி. இதற்கு விடை தேடி நான் சீனாவுக்குப் போய்த்தான் திரும்பி வரப்போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனாவுக்கும் இந்த மண்ணுக்கும் இடையிலான வழி நேற்றுப் போட்ட வழியல்ல. பண்ணைப் பாலத்தைக் கடந்து வந்தால் அல்லைப்பிட்டி. அங்கே 1977இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் சீன மட்பாண்டத் துண்டுகளைக் கண்டார். சொங் அரச மரபின் காலத்தவை, அதாவது பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தின் அகழ்வாய்வாளர்கள் நேரில் வந்து அங்கே மறுபடி தோண்டினார்கள். உடைந்த கிண்ணங்கள்தான், ஆனால் எத்தனை பெரிய சேதி! நயினாதீவில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது. ஊராத்துறைக்கு, நம்முடைய இன்றைய ஊர்காவற்றுறைக்கு, அயல்நாட்டார் வரவேண்டும், தங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. அவ்வளவு துல்லியமாக விதி எழுதிய ஒரு துறைமுகத்தில், கரையேறிய மாலுமிகளுக்கு யாரோ ஒருவர் அடுப்பு மூட்டி உணவு கொடுத்திருக்கத்தான் வேண்டும். அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான் இன்று எனக்கு அக்கறை.

இப்போது சீனாவுக்கு வாருங்கள். நாட்டின் வடமேற்கே கான்சு மாகாணம். அதன் தலைநகர் லான்சௌ, மஞ்சள் ஆற்றங்கரையில் நீண்டு கிடக்கிற நகரம். மாட்டிறைச்சி நூடில்ஸுக்குப் பேர்போன ஊர். ஹுவெய் என்ற சீன முஸ்லிம் மக்களுடைய கைவண்ணம் அது. 1915 அளவில் மா பாவோசி என்பவர்தான் இன்றுள்ள முறையைக் கொண்டுவந்தார் என்று அந்நகரத்தார் பெருமையோடு சொல்வார்கள். அங்கே போகிற வெளியூரவர் பலர் மத்தியானம் ஆறுதலாகச் சாப்பிடலாம் என்று போவார்கள். போனால் நல்ல கடைகள் பல கதவைச் சாத்தியிருக்கும். ஏனென்றால் அது காலைச் சாப்பாடு. இரவிரவாக எலும்பு கொதித்த சாறு விடியற்காலையில் தெளிந்த பதத்துக்கு வரும். ஆறு மணிக்கெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் வந்துவிடுவார்கள். சாறு முடிந்தால் கடை முடிந்தது. பின்னேரம் வரை திறந்திருப்பதற்காக அந்தச் சாற்றில் தண்ணீர் ஊற்றாத கடைதான் அங்கே நல்ல கடை.

வாசலில் காசு கொடுத்து ஒரு துண்டு வாங்குகிறோம். அதை உள்ளே யன்னலில் நீட்டும்போது ஒரு கேள்வி வரும்: எந்தத் தடிப்பு? மயிர் போல மெல்லியது, அதற்கு அடுத்தது, வெங்காயத் தாளளவு தட்டையானது, விரலை விட அகன்ற பட்டை என்று பல உண்டு. சொன்ன கணத்தில் மாப் பிசைந்தவர் ஓர் உருண்டையை எடுத்து இரண்டு கையாலும் இழுக்கிறார். மடிக்கிறார், இழுக்கிறார், மறுபடி மடிக்கிறார். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, கண் இமைப்பதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட இழைகள் கொதிநீரில் விழுகின்றன. கிண்ணத்தில் தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் சாயலில் நூடில்ஸ். இந்த ஐந்து நிறத்தில் ஒன்று குறைந்தாலும் அங்குள்ள முதியவர் ஒருவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவார். இதைச் சாப்பிட மேசை, நாற்காலி, விளக்கு அலங்காரம் ஒன்றும் வேண்டாம். படியில் குந்தியிருந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு.

இழுக்க இழுக்க ஏன் அது அறுந்து போவதில்லை? கோதுமை மாவில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் அது வலைபோலப் பின்னிக்கொள்ளும். லான்சௌவில் அந்தப் பின்னலை இன்னும் வலுப்படுத்த, வறண்ட நிலத்துச் செடியொன்றை எரித்த சாம்பலின் காரத்தையும் சேர்ப்பது பழைய வழக்கம். அரிசியில் இந்தப் புரதம் இல்லை. அரிசி மாவை எந்த வித்தகன் இழுத்தாலும் அறும். குரக்கனும் அப்படித்தான், தினையும் அப்படித்தான்.

அப்படியென்றால் கோதுமை விளையாத இடத்துச் சீனர் என்ன செய்தார்கள்? இங்கேதான் எனக்கு மெய்சிலிர்த்தது. ஷான்சியின் வறண்ட மேட்டுநிலங்களில் பக்வீற் என்ற தானியம் விளைகிறது. அதிலும் குளூட்டன் கிடையாது. அந்த மக்கள் அந்த மாவை மரத்தாலான ஓர் அச்சில் இட்டு, அடியில் துளைபோட்ட தகட்டின் வழியாக, நீண்ட நெம்புகோலை அமுக்கிப் பிழிகிறார்கள். ஹெலூ என்று அதற்குப் பேர். நம்முடைய இடியப்ப உரல்தான் அது, அளவில் பெரியது, அவ்வளவே. அவர்கள் நேரே கொதிநீரில் பிழிகிறார்கள், நாங்கள் தட்டில் பிழிந்து நீராவியில் அவிக்கிறோம். ஒருவரை ஒருவர் பார்த்துப் படித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் ஒரே சிக்கல் இருந்தது, ஒரே விடையைக் கண்டார்கள்.

இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. லான்சௌவுக்கு மேற்கே, அதே மஞ்சள் ஆற்றின் மேற்பகுதியில், லாஜியா என்ற இடத்தில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலநடுக்கமும் வெள்ளமும் புதைத்த குடியிருப்பில், கவிழ்ந்த மட்கிண்ணம் ஒன்றின் கீழ் நூடில்ஸ் இழைகள் இருந்தன. அவை தினையும் பனிவரகும் என்று 2005இல் அறிவித்தார்கள். ஒட்டும் தன்மை இல்லாத தானியத்தில் அத்தனை நீள இழை எப்படி வந்தது என்று ஆய்வாளர்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. பிழிந்திருக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். வேலணையில் இடியப்பம் பிழிகிற எந்தத் தாய்க்கும் அதில் வியப்பு இராது.

நாங்கள் வெள்ளை இடியப்பத்துக்குக் கோதுமை மாவை என்ன செய்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்கன் மா என்று எங்கள் வீடுகளில் அதற்குப் பேர். திருகோணமலைச் சீனன்குடாவில் 1980இல் பிரீமா மா ஆலை ஓடத் தொடங்கிய பிறகும் அந்தப் பேர் போகவில்லை. அந்த மாவை அப்படியே குழைத்தால் இழுபடும், உரலில் இறங்காது. அதனால் துணியில் கட்டி அவித்து, கட்டி உடைத்து, அரிதட்டால் அரித்து எடுக்கிறார்கள். லான்சௌக்காரர் சாம்பற்காரம் போட்டு எந்தப் பின்னலை வளர்க்கிறாரோ, அதே பின்னலை எங்கள் பெண்கள் நீராவியால் குலைத்து, கோதுமையை அரிசியின் குணத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இதற்கு அவர்கள் எந்த ஆய்வுகூடத்திலும் படிக்கவில்லை. ஆய்வுகூடத்தில் வைத்துப் பேசவேண்டிய அறிவு அது என்பதே என் எண்ணம்.

சரி, இடியப்பம் அவிக்கிற ஒரு தாயின் அடுப்படிக்குள் போவோம். நேரம் அதிகாலை மூன்று, மூன்றரை. சிவப்பரிசியை ஊறவைத்து இடித்து, மணம் வருமட்டும் வறுத்த மா முதல் நாளே தயார். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிண்டுகிறார். தண்ணீர் கொஞ்சம் ஆறியிருந்தாலும் இடியப்பம் பொருபொருத்துப் போகும், கூடிப்போனால் களியாகும். கைபொறுக்கிற சூட்டில் குழைத்து உரலில் அடைக்கிறார். தட்டின் நடுவில் தொடங்காமல் ஓரத்தில் தொடங்கி வட்டமாக உள்ளே வருகிறார். நடுவில் இழை தடித்தால் அங்கே வேகாது என்பது அவர் கணக்கு. முழு உடம்பின் பாரமும் மணிக்கட்டில் இறங்குகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பிழிவு. நூறு, இருநூறு இடியப்பம் என்றால் அந்தக் கை படுகிற பாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். விடிந்ததும் வாழையிலை போட்ட பெட்டியில் அடுக்கி, மகனோ மருமகளோ சைக்கிளில் கொண்டுபோய்ச் சந்திக்கடையில் கொடுக்கிறார்கள். கடைக்காரர் சொதியும் சம்பலும் வைத்து விற்கிறார்.

இதுதான் நான் சொல்ல வந்தது. தீவகத்தில் நல்ல இடியப்பம் கடையில் பிறப்பதில்லை. ஒரு வீட்டில் பிறந்து, கடையில் கொஞ்ச நேரம் தங்கி, முடிந்துபோகிறது. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்துத் தேடுகிறவருக்கு அது அகப்படாது. ஊர் எப்போது விழிக்கிறது, எப்போது தொழிலுக்குப் போகிறது, எப்போது பசிக்கிறது என்று அறிந்தவருக்குத்தான் அகப்படும். லான்சௌவிலும் இதே கதைதான்.

குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், "நல்ல கடை எது?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவர் உங்கள் சட்டையைப் பார்ப்பார், காரைப் பார்ப்பார், இருப்பதில் பெரிய கடையைக் காட்டுவார். அது அவருடைய மரியாதை. பெரிய கடைதான் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறார். நான் வேறு மாதிரிக் கேட்பேன். படகில் சாமான் ஏற்றுகிற இளைஞன் ஒருவனிடம் ஒருமுறை கேட்டேன்:

"தம்பி, காலமை எங்கை சாப்பிட்டனீங்கள்?"

"உந்தக் கடையிலைதான் ஐயா. ஆனா உது கடைக்காரர் அவிக்கிறேல்லை. உள்ளுக்கை ஒரு அன்ரி குடுக்கிறவ. சிவத்த இடியப்பம். ஏழு மணிக்குப் பிறகு வந்தா இராது."

"பிறகு என்ன இருக்கும்?"

"பிறகு ரோல்ஸ் இருக்கும், வடை இருக்கும், பாண் இருக்கும். அதுகள் வெளியூர்ச் சனத்துக்கு."

இந்த ஒரு பதிலில் எல்லாம் இருக்கிறது. யார் அவித்தது, எப்போது வரும், எப்போது முடியும், பிறகு யாருக்கு என்ன மிஞ்சும். எது நல்லது என்று அபிப்பிராயம் கேட்டால் மனிதர் தயங்குவார்கள். காலையில் எங்கே சாப்பிட்டீர்கள் என்று நடந்ததைக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். சீனாவிலும் வாடகைக் கார் ஓட்டுகிறவரிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

கடை கடையாகத் தேடவே தேவையில்லாத தீவும் இங்கே உண்டு. நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர் பசியோடு திரும்பமாட்டார். அமுதசுரபி என்ற பெயரிலேயே அங்கே அன்னதான மண்டபம் இருக்கிறது. மணிமேகலை அட்சயபாத்திரம் பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று நம்புகிற ஊருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்! சோறும் பருப்பும் மரக்கறியும். யார், எந்த ஊர், எந்தச் சமயம் என்ற கேள்வி இல்லை. பக்கத்திலுள்ள நாகவிகாரைக்குத் தெற்கிலிருந்து வருகிற சிங்கள யாத்திரிகரும் இந்தப் பந்தியில் இருக்கலாம். ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் அந்த அடுப்புகள் எரிகிற அளவைப் பார்க்கவேண்டும். அதைச் சாப்பாட்டுக் கடைகளோடு ஒப்பிடுவது சரியல்ல. ஆனால் பயணிக்கு ஒரு தகவல்: நயினைக்கு மச்சம் தேடிப் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை என்றால் தீவகத்துச் சைவ வீடுகளிலும் மச்சம் இராது. மீன் குழம்போடு இடியப்பம் வேண்டுமென்றால் ஊர்காவற்றுறைப் பக்கம், வள்ளம் கரைக்கு வருகிற நேரம் பார்த்துப் போங்கள். கரையில் மீனைக் கூறுபோட்டு விற்கிற இடத்திலிருந்து எந்தச் சமையலுக்குக் கூறு போகிறது என்று பின்தொடர்ந்தாலே போதும்.

நெடுந்தீவு வேறு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கோட்டை, பவளக்கல் வேலிகள், மட்டக்குதிரைகள், பெருக்கமரம் எல்லாம் பார்க்க வருகிறார்கள். பின்னேரப் படகைப் பிடிக்கவேண்டும் என்ற அவசரத்திலேயே பார்க்கிறார்கள். அங்கே வந்து இறங்கிய பிறகு உணவு தேடினால் பிஸ்கற்தான். இறங்கிய கையோடு முச்சக்கரவண்டிக்காரரிடம் சொல்லிவைக்கவேண்டும்: இத்தனை பேர், இன்ன நேரம். அவர் ஒரு வீட்டுக்குத் தகவல் கொடுப்பார். அன்றைக்கு வலையில் என்ன பட்டதோ அது சட்டியில் ஏறும். வாய்த்தால் ஒடியற் கூழும் கிடைக்கும். மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்டு, கரைத்த ஒடியல் மாவை விட்டுத் துழாவிய கூழைப் பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிப்பது இருக்கிறதே, அதற்காகவே கடல் கடக்கலாம்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். தீவகத்தில் பல கிணறுகள் சவர். அந்தத் தண்ணீரில் வைத்த தேத்தண்ணி வேறு, நன்னீரில் வைத்தது வேறு. மாவும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது. ஆகவே நல்ல இடியப்பம் அவிக்கிறவர் வீட்டில் நல்ல தண்ணீருக்கு ஒரு குடம் தனியாக இருக்கும். சாட்டிப் பக்கத்து மணல்நிலக் கிணறுகளின் அருமை தெரிந்த தாய்மார் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள். ஒரு கடையில் முதலில் ஒரு பிளேன்ரீ குடியுங்கள். அதில் சவர் தட்டினால் இடியப்பத்தை அங்கே கேட்கவேண்டாம்.

இத்தனை கைப்பக்குவம் இருந்தும் தீவகத்தில் ஏன் பேர்சொல்லும் கடைகள் குறைவு என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, விடை வருத்தமானது. கடை நடத்தத் தெரியாத மக்கள் அல்லர் இவர்கள். புங்குடுதீவாரும் காரைநகராரும் வேலணையாரும் கொழும்பிலும் தெற்கின் சிறு நகரங்களிலும் சைவக்கடையும் பலசரக்குக் கடையும் நடத்தியவர்கள். இலங்கை முழுதும் வடையையும் தோசையையும் கொண்டுபோனதில் தீவகத்தாரின் பங்கு பெரிது. 1958இலும் 1977இலும் 1983இலும் நடந்த இனக்கலவரங்களில் அந்தக் கடைகள் எரிந்தன. ஊருக்குத் திரும்பினார்கள். 1990, 1991இல் போரில் ஊரும் போயிற்று. தீவகத்தின் பெரும்பகுதி வெறுமையானது. அன்று போனவர்கள் பாரிஸ் லா சப்பலிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் கடை போட்டார்கள். இன்று ஸ்காபரோவில் ஒருவர் வேலை முடிந்து வரும் வழியில் சுடச்சுட இடியப்பமும் சொதியும் சம்பலும் பொதியாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அங்கே பிழிவது இயந்திரமாக இருக்கலாம், பின்கட்டில் நிற்கிற ஒரு தாயின் கையாகவும் இருக்கலாம். புங்குடுதீவில் பிறந்தவருக்குப் புங்குடுதீவில் கிடைக்காத வசதி அது. மக்கள் இல்லாத இடத்தில் கடை நிலைக்காது. இங்கே மிச்சமிருக்கிறவர்களும் திரும்பி வந்தவர்களும் வீட்டடுப்பில் அந்தத் தொழிலைக் காத்து வைத்திருக்கிறார்கள் என்பதையே நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்தைப் பார்த்திருப்பீர்கள். பெண்களே சமைக்கிறார்கள், கண்முன்னே சமைக்கிறார்கள், காசும் அவர்கள் கைக்கே போகிறது. அப்படி ஒரு பெரிய கட்டடம் ஒவ்வொரு தீவுக்கும் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இறங்குதுறைக் கடைக்காரர்களிடமும் இடியப்பம் கொடுக்கும் தாய்மாரிடமும் ஒரு வேண்டுகோள். கடை வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். இன்றைய இடியப்பம் யார் அவித்தது, சிவப்பா வெள்ளையா, எத்தனை மணிக்கு வரும், அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று நாலு வரி எழுதுங்கள். அவித்தவர் விரும்பினால் அவர் பெயரையும் எழுதுங்கள். விலையில் அவருக்கு எவ்வளவு என்பதைக் கடைக்காரரும் அவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும், ஏனென்றால் இன்று ஓர் இடியப்பத்தில் மிஞ்சுகிற சில்லறை, மூன்று மணிக்கு எழும்பியவரின் கைக்கு வந்து சேருவது மிகக் குறைவு. வருகிறவர்களுக்கும் ஒன்று: கடைசி நிமிடத்தில் படகுக்கு ஓடிவராமல், விடிய முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். எங்கள் ஊர் சாப்பிடுகிற நேரத்தில் எங்களோடு சாப்பிடுங்கள்.

நயினை ஆனித் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன் குறிகட்டுவானில் ஒரு கடையாவது அந்தப் பலகையை வைத்தால், அந்தக் காலை முதற் பந்தியில் நானும் இருப்பேன்.